மூன்றாவது பாடமாக ‘நாயகனின் உலகம்’: லண்டன் தகப்பனார் ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகள் சட்டத்துறைக்குப் போக விரும்புகிறாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பில் ஆங்கில இலக்கியம், வரலாறு ஆகிய இரண்டோடு மூன்றாவதாக, பண்டைய கிரேக்க ரோம நாகரிகத்தைப் படிக்கும் ‘கிளாசிக்கல் சிவிலைசேஷன்’ எடுப்பேன் என்கிறாள். பொருளியலை எடு என்று நீங்கள் சொல்லிப் பார்த்தும் அவள் கேட்கவில்லை. “கிரேக்கரும் ரோமரும் சண்டை பிடித்த கதையைப் படித்து என்ன லாபம்?” என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எடுக்கட்டும், விடுங்கள் என்பதே என் பதில்.

முதலில் உங்களை உறுத்தும் வேலை விஷயம். இங்கிலாந்தில் சட்டப் படிப்புக்கு இன்ன பாடம் வேண்டும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நிபந்தனை வைப்பதில்லை. சட்டமே படிக்காமல் வேறு பட்டம் பெற்றாலும் வழி அடைபடாது. 2021 முதல் நடக்கும், சொலிசிட்டர் எனும் வழக்கறிஞர் ஆவதற்கான தகுதித் தேர்வை எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். அதோடு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஆய்வில் முன்னணியில் நிற்கும் ரசல் குழுமப் பல்கலைக்கழகங்களின் ‘உகந்த பாடங்கள்’ பட்டியலில் இது இல்லை என்று மைத்துனர் பயமுறுத்தினார் என்கிறீர்கள். அந்தப் பட்டியலை அவர்கள் 2019இலேயே கைவிட்டுவிட்டார்கள். மகளுக்கு மருத்துவ ஆசை இருந்தால் நானே தடுத்திருப்பேன், ஏனென்றால் இரசாயனவியல் இல்லாமல் அநேக மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பத்தையே பார்க்கமாட்டா. அந்த ஆசை அவளுக்கு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் பாடத்துக்குக் கிரேக்கமோ லத்தீனோ தெரிய வேண்டியதில்லை, எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். ஓசிஆர் என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் ‘நாயகனின் உலகம்’ கட்டாயப் பகுதி. அதற்கு மட்டும் 40 சதவீதப் புள்ளி. ஹோமரின் கிரேக்கக் காவியங்களான இலியட், ஒடிசி இரண்டில் ஒன்றையும் வர்ஜிலின் லத்தீன் காவியமான ஏனியட்டையும் படிக்க வேண்டும். மற்ற இரண்டு பகுதிகளுக்கும் தலா 30 சதவீதம்.

லாபம் என்ன என்ற கேள்விக்கு ஏனியட்டின் கடைசிக் காட்சியைக் கொண்டுதான் என்னால் பதில் சொல்ல முடியும். ட்ராய் நகரம் அழிந்தபின் இத்தாலிக்கு வந்த நாயகன் ஏனியஸிடம், தொடையில் காயம்பட்டு விழுந்த எதிரி டர்னஸ் கையை நீட்டிக் கெஞ்சுகிறான். உனக்கும் ஒரு தகப்பன் இருந்தான், என் முதிய தகப்பனுக்காக இரங்கு என்கிறான். ஏனியஸின் கை தயங்கி நிற்கிறது. பணிந்தவரை விட்டுவிடு, செருக்குற்றவரை அடக்கு என்பதே ரோமரின் கலை என்று ஆறாம் காண்டத்தில், இறந்தோர் உலகில், அவனுடைய தந்தை சொல்லியிருந்தார். இப்போது பணிந்தவன் காலடியில் கிடக்கிறான். அந்த நேரத்தில் டர்னஸின் தோளில் ஒரு வார் கண்ணில் படுகிறது. ஏனியஸின் பக்கம் போரிட்டு டர்னஸின் கையால் மாண்ட இளைஞன் பல்லஸின் வார் அது. பல்லஸின் தகப்பன் மகனுக்காகப் பழி கேட்டு ஏனியஸுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். ஏனியஸுக்குச் சினம் மூள்கிறது, வாள் டர்னஸின் நெஞ்சில் இறங்குகிறது. டர்னஸின் உயிர் முனகியபடி நிழலுலகுக்கு ஓடுவதோடு காவியமே முடிந்துவிடுகிறது. வெற்றி விழா இல்லை, திருமணம் இல்லை, கவிஞரின் தீர்ப்பும் இல்லை.

ஏனியஸ் செய்தது சரியா? பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு பக்கத்துக்கும் நூலிலிருந்தே ஆதாரம் எடுத்து, எது கனம் என்று நிறுத்து, ஒரு முடிவுக்கு வந்து, அதைத் தேர்வுக் கூடத்தில் கட்டுரையாக எழுத வேண்டும். தூண்டுதல், உள்நோக்கம், கருணை மனு எல்லாம் இதற்குள் இருக்கின்றன. சட்டத்துக்குப் போகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

விதியையும் இப்படித்தான் படிப்பார்கள். தன்னைக் காதலித்த கார்த்தேஜ் அரசி டிடோவைக் கைவிட்டுப் புறப்படும் ஏனியஸ், நானாக விரும்பி இத்தாலியை நாடவில்லை என்கிறான். தேவர்களின் கட்டளை, உண்மைதான். ஆனால் கட்டளை என்பதால் அவன்மேல் பழி இல்லையா? பின்னர் இறந்தோர் உலகில் அவளைச் சந்திக்கும்போதும் அதையே சொல்கிறான். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அந்த மௌனத்தை எத்தனையோ முறை வாசித்தும் என்னால் எளிதாகக் கடக்க முடிந்ததில்லை.

இலியட் வேறு விதமாக நெஞ்சை அறுக்கும். இருபத்து நான்காம் காண்டத்தில் ட்ராய் அரசரான முதியவர் பிரியாம் இரவோடு இரவாகக் கிரேக்க வீரன் அக்கிலீஸின் குடிலுக்குள் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளையே முத்தமிடுகிறார். என் மகன் ஹெக்டரின் உடலைத் தா, உன் தகப்பனை நினைத்துப் பார் என்கிறார். அக்கிலீஸும் அழுகிறான். ஹெக்டரைக் கொன்றால் தன் சாவும் அருகில் என்று தாய் சொல்லக் கேட்டும் கொன்றவன் அவன். தன் தகப்பனும் இப்படித்தான் தனித்து நிற்கப்போகிறார் என்பதை அந்தக் கிழவரின் முகத்தில் காண்கிறான். கிரேக்கர்களின் காவியம் எதிரியான ட்ராய்க்காரனின் ஈமச்சடங்கோடு முடிகிறது, ஐயா. கும்பகருணனுக்காகக் கண்கலங்கி வளர்ந்த நமக்கு ஹெக்டர் அந்நியன் அல்லன்.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். இந்தப் பாடத்தில் ஒப்படைக் கட்டுரைக்குப் புள்ளி கிடையாது. முழுப் புள்ளியும் இறுதி எழுத்துத் தேர்வில்தான். மற்ற இரண்டும் கட்டுரைப் பாடங்களே என்பதால் மே, ஜூன் மாதங்களில் கை ஓயாது. கிரேக்க தேவர்களைப் பற்றிய கதைப் புத்தகங்களும் படங்களும் பிடித்ததால் மட்டும் இதற்கு வந்து சோர்ந்துபோன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவள் அந்த வகையா என்று அறிய ஒரு வழி உண்டு. இலியட்டின் இருபத்து நான்காம் காண்டத்தை இந்த வாரம் அவளிடம் கொடுங்கள், நீங்களும் வாசியுங்கள். அக்கிலீஸ் மாறிவிட்டானா என்று கேளுங்கள். அவள் உங்களோடு அரை மணி நேரம் வாதாடினால் கவலையை விடுங்கள். “நல்ல கதை” என்று மூடி வைத்துவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், பொருளியலைப் பற்றியும் பேசுவோம்.

பள்ளி ஹோமரில் எதைக் கற்பிக்கிறது, எந்த மொழிபெயர்ப்பு, இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா என்று சேருவதற்கு முன் கேட்டுவிடுங்கள். செப்டம்பரில் முதல் சில வாரங்களுக்குள் பாடம் மாற்றப் பள்ளிகள் பொதுவாக இடம் கொடுக்கின்றன. அந்தக் கடைசித் தேதியை மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.