அமெரிக்கக் காங்கிரஸின் பழைய தாள்கள்: கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்கக் காங்கிரஸ் அச்சிட்ட பழைய புத்தகங்களையும், அது சார்ந்த கடிதங்கள், கையெழுத்துத் தாள்களையும் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். (காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றம். இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே (எடிசன், நியூ ஜெர்சி): சார், 2021-ல் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் அச்சுப்பிரதி 4 கோடியே 32 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தப் பொழுதுபோக்கில் சம்பளக்காரனுக்கு இடம் உண்டா?

ப: தாராளமாக. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பயப்படாதவர்கள் குறைவு. 1787-ல் டன்லப், கிளேபூல் இருவரும் அச்சிட்ட 500 பிரதிகளில் இன்று இருப்பது பதினைந்துகூட இல்லை, அதனால்தான் அந்த விலை.

ஆனால் காங்கிரஸ் அச்சிட்டதில் பெரும்பகுதி ஊருக்கெல்லாம் அனுப்புவதற்காக அச்சானது. உறுப்பினர் தன் பேச்சைச் சின்னப் பிரசுரமாக அச்சடித்து, உறைமேல் தன் கையெழுத்தைப் போட்டால் போதும், தபால் செலவில்லாமல் தொகுதிக்குப் போய்ச் சேரும். 1856 மே மாதம் செனட்டர் சார்லஸ் சம்னர், கன்சாஸில் அடிமைமுறை கூடாது என்று இரண்டு நாள் விளாசினார். அடுத்த இரண்டாம் நாள், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் மன்றத்துக்குள்ளேயே வந்து கைத்தடியால் அவரை அடித்துச் சாய்த்தார். அந்தப் பேச்சின் பிரசுரங்கள் ஏராளமாகப் பரவின. இன்றும் ஒரு நல்ல பட்டுச்சேலை விலைக்குள் ஒன்றை வாங்கிவிடலாம். நான் வாங்கிய பிரதியில் யாரோ ஒரு வாசகர் ஓரத்தில் நான்கைந்து இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கோடுகள்தான் முக்கியம்.

கே (மதுரை, ஓய்வுபெற்ற வக்கீல்): முதல் காங்கிரஸின் விவாதங்களை மூலப் பதிப்பில் படிக்க ஆசை. "ஆனல்ஸ் ஆஃப் காங்கிரஸ்" முதல் தொகுதியை வாங்கினால் போதுமா?

ப: படிக்கப் போதும் ஐயா, ஆனால் அது மூலப் பதிப்பு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது 1789-ம் ஆண்டு விவாதம்தான். ஆனால் கேல்ஸ், சீட்டன் நிறுவனம் அதைத் தொகுத்து அச்சிடத் தொடங்கியதே 1834-ல்தான். 42 தொகுதியும் முடிய 1856 ஆனது. பெரும்பாலும் பழைய பத்திரிகைச் செய்திகளிலிருந்து எடுத்தவை, அதனால் வார்த்தைக்கு வார்த்தை நம்ப முடியாது. அந்தக் காலத்திலேயே அச்சானது வேண்டுமென்றால் தாமஸ் லாயிட் சுருக்கெழுத்தில் எடுத்து வெளியிட்ட "காங்கிரஷனல் ரெஜிஸ்டர்" இருக்கிறது. அதிலும் குறை உண்டு, அதைவிட விலை உண்டு.

இதெல்லாம் பிரதிநிதிகள் சபைக்கு. செனட் 1795 வரை பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசியது. உள்ளே நடந்ததை விரிவாக எழுதி வைத்தவர் பென்சில்வேனியாவின் செனட்டர் வில்லியம் மக்லே. ஜனாதிபதியை என்ன பட்டம் சொல்லி அழைப்பது என்று வாரக்கணக்கில் நடந்த சண்டையெல்லாம் அவர் நாட்குறிப்பில் எரிச்சலோடு பதிவாகியிருக்கிறது. அதன் 1890-ம் ஆண்டுப் பதிப்பைத் தேடுங்கள். உங்களைப் போன்ற வாசகருக்கு ஆனல்ஸைவிட அதுவே சுவை.

கே (டொராண்டோ): அண்ணா, ஒரு வீட்டு வாசல் விற்பனையில் சுதந்திரப் பிரகடனம் ஒன்று கிடைத்தது. பழுப்பு நிறம், தொட்டாலே மொடமொடவென்கிறது. பழையதாக இருக்குமோ?

ப: தம்பி, மொடமொடவென்றாலே சந்தேகப்படு. அருங்காட்சியகக் கடைகளில் பிள்ளைகளுக்கு விற்கும் நினைவுப்பொருள் அது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்தத் தாளைப் பற்றித்தான். துணிக்கந்தலிலிருந்து செய்த பழைய காகிதம் இப்படிப் பழுக்காது. 18-ம் நூற்றாண்டுத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டி ஒரு அங்குல இடைவெளியில் வேறு கோடுகளும் தெரியும். காகிதம் செய்த சல்லடையின் தடம் அது. மரக்கூழ்க் காகிதம்தான் பழுத்து நொறுங்கும், அது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சரக்கு.

ஆனாலும் அதிர்ஷ்டம் அடிக்கத்தான் செய்கிறது. 1823-ல் வில்லியம் ஸ்டோன் பிரகடனத்தைச் செம்புத் தகட்டில் செதுக்கி, தோல்தாளில் 200 பிரதி எடுத்தார். அதில் ஒன்று 2006-ல் நாஷ்வில்லில் ஒரு பழைய பொருள் கடையில் 2 டாலர் 48 சென்ட்டுக்கு விற்றது. மறு வருடம் ஏலத்தில் 4,77,650 டாலர். ஸ்டோன் பெயரும் தேதியும் தாளின் தலைப்பகுதியில் இருந்தால் அது 1823. அதே தகட்டிலிருந்து பீட்டர் ஃபோர்ஸ் தன் நூல் வரிசைக்காக எடுத்த மெல்லிய தாள் பிரதிகளில் தலைப்பகுதியில் அந்த வரி இருக்காது, இடது கீழ்மூலையில் ஸ்டோன் பெயர் சின்னதாக இருக்கும். நூலுக்குள் மடித்து வைத்ததால் மடிப்புத் தடமும் இருக்கும். உன் தாளில் இரண்டும் இல்லையென்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்.

கே (சியாட்டில்): பழைய செனட் அறிக்கைத் தொகுதி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ப: வரைபடத்தை. வேறு எதற்கும் முன்னால். ராணுவ அதிகாரி ஃப்ரீமான்ட் அமெரிக்காவின் மேற்கே போய்வந்து கொடுத்த 1845-ம் ஆண்டு அறிக்கையை நான் முதன்முதலில் வாங்கியபோது அட்டையைப் பார்த்தேன், தலைப்புப் பக்கத்தைப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். விற்றவரும் "முழுப் பிரதி" என்றார். வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், தையல் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு தாள் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய மடிப்பு வரைபடத்தைப் பிளேடால் கீறி எடுத்துத் தனியாக விற்றிருக்கிறார்கள். புத்தகத்தின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போயிற்று. அன்றிலிருந்து தையல் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. இணையத்தில் வாங்கினால் படங்கள், வரைபடங்களை எண்ணிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

நூலக முத்திரை இருந்தால், நூலகமே கழித்துவிட்டதாக ஒரு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நூலகத்துக்கே எழுதிக் கேட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கே (டாலஸ்): ஜெஃபர்சன் கையெழுத்திட்ட சட்டத்தாள்கள் விற்பனைக்கு வருகின்றன. ஜனாதிபதி ஆவதற்கு முன்பே அவர் எப்படிச் சட்டத்தில் கையெழுத்திட்டார்?

ப: 1789 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது: ஒவ்வொரு புதிய சட்டத்துக்கும் அத்தாட்சி செய்த அச்சுப்பிரதி இரண்டை, வெளியுறவுச் செயலர் ஒவ்வொரு மாநில ஆளுநருக்கும் அனுப்ப வேண்டும். 1790 முதல் 1793 வரை அந்தச் செயலர் ஜெஃபர்சன். நம்ம ஊர் கெஜட்டட் அதிகாரி நகலில் கையெழுத்துப் போடுவதுபோல அவர் போட்டுக்கொண்டே இருந்தார். அச்சில் வந்த பெயரையும் மையில் எழுதிய பெயரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய இரும்பு மை பழுப்பேறியிருக்கும். அழுத்தி எழுதிய இடத்தில் தாளின் மறுபக்கம் நிழல்போல் தெரியும்.

இந்த வகையில் சிகரம், வாஷிங்டன் தனக்கென்று வைத்திருந்த 1789 சட்டத் தொகுப்பு. அதில் அச்சான அரசியலமைப்பில், ஜனாதிபதி பற்றிய பகுதியில் "ஜனாதிபதி", "அதிகாரங்கள்", "கட்டாயம்" என்று பென்சிலால் ஓரத்தில் குறித்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்தவர் விதிப்புத்தகத்தைப் படிப்பதுபோல! 2012-ல் 98 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் வீட்டின் நிர்வாகமே அதை வாங்கிக்கொண்டது.

கே (சிகாகோ): காசு கொடுத்து வாங்கிய கையெழுத்துப் பிரதியை அரசு பறிக்க முடியுமா?

ப: முடியும், பறித்தும் இருக்கிறது. உரிமைச் சாசனத்தில் வட கரோலினாவுக்கு வந்த மூலப்பிரதியை 1865-ல் உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையின் சிப்பாய் ஒருவன் ராலே நகரிலிருந்து எடுத்துப் போனான். அது கை மாறிக்கொண்டே இருந்தது. விலைக்குத் தருகிறோம் என்று வந்தபோதெல்லாம், "எங்கள் பொருளை நாங்களே வாங்குவதா?" என்று மாநிலம் மறுத்துவிட்டது. 2003-ல் பிலடெல்பியாவில் வாங்குபவர்போல நடித்து எஃப்.பி.ஐ. அதைக் கைப்பற்றியது. 138 வருடம் ஆகியும் உரிமை போகவில்லை.

உறுப்பினர் மனைவிக்கோ நண்பருக்கோ எழுதிய கடிதம் என்றால் பயமில்லை, அது அவர் சொந்தச் சொத்து. சபைக்குக் கொடுத்த மனு, குழுவின் குறிப்பேடு, எழுத்தர் பதிவு எண் இட்ட தாள் என்றால் யோசியுங்கள். முதலில் அது எப்படி வெளியே வந்தது?

கே (சான் ஹோசே): நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட சட்டங்களை மட்டும் சேர்க்க முடியுமா?

ப: அருமையான யோசனை, செலவும் குறைவு. 1917-ல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து வருவதைத் தடுத்த சட்டம், ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறியது. 1946-ல் வந்த சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழியைத் திறந்து, வருடத்துக்கு நூறு பேர் என்று கணக்கு வைத்தது. 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால்தான் நம்மில் பலர் இங்கே இருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அச்சான சட்டத்தாள், குழு அறிக்கை, விசாரணைப் பதிவு உண்டு. விசாரணைப் பதிவுகளை விடாதீர்கள். நம்மவர்களுக்கு ஆதரவாகவும் எதிராகவும் யார் என்ன பேசினார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அட்டை சாதாரணமாக இருப்பதால் வியாபாரிகள் பலர் அவற்றை மதிப்பதில்லை.

கே (சென்னை): தோல் அட்டை செம்மண்போல உதிர்கிறது. எண்ணெய் தடவலாமா?

ப: வேண்டாம். எண்ணெய் உள்ளே இறங்கித் தாளில் கறை ஏற்றும், தூசியும் ஒட்டும். ஆட்டுத்தோல் அட்டைகளுக்கு வயதானால் வரும் நோய் இது, குணமாகாது. பழகியவரிடம் கொடுத்தால் க்ளூசெல்-ஜி என்ற, தோலை இறுக்கும் பொருளைத் தடவி உதிர்வதை ஓரளவு நிறுத்துவார். அதுவரை அட்டையைப் பருத்தி நாடாவால் கட்டி, அமிலமில்லாத பெட்டியில் படுக்கவைத்து, வெளிச்சுவர் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து, முதுகு ஓரத்தில் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் போடவே போடாதீர்கள்.