டாக்கரில் ஒரு கூண்டு

அன்புள்ள ஐயா,

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தன. அது நவகாலனியத்தின் கருவி என்கிறார்கள். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆப்பிரிக்கர்களையே தேடிப் பிடிக்கும் நீதிமன்றம் ஆப்பிரிக்காவுக்கு எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதி சரி. 2016இல் ஜார்ஜியாவுக்குப் போகும்வரை அந்த நீதிமன்றம் விசாரணை தொடங்கிய இடமெல்லாம் ஆப்பிரிக்காதான். ஆனால் உகாண்டா, காங்கோ வழக்குகளை அந்தந்த அரசுகளே கொண்டுபோய்க் கொடுத்தன. மாலியும் 2012இல் தானாகப் போய்க் கதவைத் தட்டியதுதான். அப்போது வடக்குப் பகுதி அரசின் கையை விட்டுப் போயிருந்தது. இப்போது ஆட்சியே ராணுவத்தின் கையில்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2005இல் சூடானின் டார்ஃபூர் பகுதி வழக்கை, அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கு அனுப்பியது ஐ.நா. பாதுகாப்புச் சபை. அதில் வீட்டோ வைத்திருக்கும் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினரே அல்ல. அது போதாதென்று, டார்ஃபூருக்குப் படை அனுப்பும் உறுப்பினரல்லாத நாடுகளின் ஆட்கள்மேல் ஹேக் கைவைக்கக் கூடாது என்று தீர்மானத்திலேயே ஒரு பத்தி. செலவும் ஐ.நா.வுடையது இல்லையாம்! சீர்திருத்தம் என்றால் முதலில் இங்கேதான் தொடங்க வேண்டும்.

சரி, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மாற்று என்ன? 2014இல் மலாபோவில் ஒரு நெறிமுறை எழுதினார்கள். ஆப்பிரிக்க நீதிமன்றமே இனப்படுகொலையையும் போர்க்குற்றத்தையும் விசாரிக்கலாம். நல்ல யோசனைதான். கூடவே, பதவியில் இருக்கும் அதிபர்மேல் வழக்குப் போட முடியாது என்றும் எழுதிக்கொண்டார்கள். நீங்கள் நியாயம் என்று சொல்வது யாருடைய நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஹிசேன் ஹப்ரே வழக்கை. 1982 முதல் 1990 வரை சாட் நாட்டை ஆண்டவர். தலைநகர் என்ஜமீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. அதன்மேல் கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே அறைகளாகத் தடுத்து, நிலத்தடிச் சிறையாக்கினார்கள். அவருடைய சிறையில் செத்துப் பிழைத்த சுலெய்மான் கெங்கெங் என்ற கணக்கர், வெளியே வந்து மற்றவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி வீட்டில் ஒளித்து வைத்தார். கால் நூற்றாண்டு கழித்து அது செனகலின் தலைநகர் டாக்கரில் வழக்கானது. ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் சேர்ந்து அமைத்த நீதிமன்றம், ஆப்பிரிக்க நீதிபதிகள். ஹப்ரே வர மறுத்தபோது முகமூடிக் காவலர்கள் அவரைத் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் வெள்ளை அங்கியும் கறுப்புக் கண்ணாடியுமாக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரால் சிறைப்பட்டவர்கள் அதே கூடத்தில் அவர் எதிரில் நின்று சாட்சி சொன்னார்கள். 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை.

ஹேக்கில் இது நடந்திருந்தால் சாட் மக்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்க முடியும்? ஆனால் இதையும் ரொம்பக் கொண்டாடிவிடாதீர்கள். மேல்முறையீட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 82 பில்லியன் சிஎஃப்ஏ பிராங்க் இழப்பீடு என்று தீர்ப்பானது. ஹப்ரே 2021இல் இறந்தே போனார். அந்தப் பணத்தின் பெரும்பகுதி இன்னும் வந்து சேரவில்லை.