தேவதூதன் எப்போது வருவார்?

கேள்வி: அண்ணன் இறந்த பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ். மதினியையும் பிள்ளைகளையும் வைத்து, ஆலய மண்டபத்தில் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படம் போடலாமா?
– வாசகி, மெஞ்ஞானபுரம்

பதில்: முதலில் மதினியிடம் கதையைச் சொல்லிவிடுங்கள், தங்கச்சி. 1946-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த படம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு நாயகன் உயிரை விட ஆற்றுப் பாலத்துக்குப் போகிறான். தேவதூதன் கிளாரன்ஸ் தானே ஆற்றில் குதிக்கிறார். அவரைக் கரையேற்றப் போய் இவன் பிழைக்கிறான். அருமையான இடம் அது. ஆனால் உங்கள் அண்ணன் தானாக உயிரை விட்டிருந்தால் இந்த வருஷம் இந்தப் படம் வேண்டவே வேண்டாம்.

மொத்தம் 130 நிமிடம். தூதர் நேரில் வருவதோ ஏறக்குறைய கடைசி அரை மணி நேரத்தில்தான். சின்னப் பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடும். நடுவில் 10 நிமிடம் நிறுத்தி, டீயும் அச்சுமுறுக்கும் கொடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நன்றாக இருட்டிய பிறகே போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் பாலத்துக் காட்சி சாம்பலாக வெளுத்துவிடும். மண்டபம் எதிரொலித்தால் வசனம் புரியாது: தரையில் ஜமுக்காளம் விரித்து, திரையருகே ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் வையுங்கள்.

மதினி பாதியில் எழுந்துபோனால் தடுக்காதீர்கள். அவருக்குக் கதவோரமாக இடம் போடுங்கள்.