ஓட்டு திருநெல்வேலியில், போட்டி மும்பையில்: சுயேச்சையாக நிற்பவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: தாராவியில் குடியிருக்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. அடுத்த மக்களவைத் தேர்தலில் மும்பை தென் மத்தியத் தொகுதியில் சுயேச்சையாக நிற்க முடியுமா? டெபாசிட் எவ்வளவு? மனு தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாக நிற்கலாம். 25 வயது நிறைந்து, நாட்டில் ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியில் ஓட்டு இருந்தால் போதும். இதற்காக அவசரப்பட்டு தாராவியிலும் பெயர் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு. சட்டமன்றத் தேர்தல் என்றால் நிலைமை வேறு. மகாராஷ்டிராவிலேயே ஓட்டு இருக்க வேண்டும். தாராவி சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி வேறு. அந்த மாநிலப் பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்தவர்தான் அங்கே நிற்க முடியும்.

ஓட்டு வெளியூரில் இருப்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகலை திருநெல்வேலியில் வாக்காளர் பதிவு அலுவலரிடம் வாங்கி, மனுவோடு வைக்க வேண்டும். தவறினால் பரிசீலனை நேரத்திலாவது காட்டியாக வேண்டும். வாக்காளர் அட்டையின் ஜெராக்ஸ் இதற்கு ஈடாகாது. அறிவிக்கை வந்த பிறகு ஊருக்கு ஆள் அனுப்பினால் நேரம் போதாது: அறிவிக்கையிலிருந்து 7-ஆம் நாள் மனுவுக்குக் கடைசி, மறுநாளே பரிசீலனை.

டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. பொதுத்தொகுதியிலும் இந்தச் சலுகை உண்டு. காசோலை வாங்க மாட்டார்கள், ரொக்கமாகக் கட்டலாம். ஒரே தொகுதிக்கு நான்கு மனு வரை போடலாம், டெபாசிட் ஒருமுறைதான். பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்பும். 6 லட்சம் செல்லும் வாக்கு என்றால், 1 லட்சத்துக்கு மேல் ஒரு ஓட்டாவது வேண்டும். இந்தக் கணக்கில் நோட்டா சேராது.

சுயேச்சைகள் பெரும்பாலும் சறுக்குவது முன்மொழிபவர்களிடத்தில். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒருவர் போதும், உங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். தாராவித் தமிழர்களிடம் இதுதான் சிக்கல்: பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருடமாக அங்கேயே இருப்பார், ஓட்டு மட்டும் ஊரில் இருக்கும். அவர் கையெழுத்து செல்லாது. குர்லாவில் இருக்கும் மச்சானும் உதவ மாட்டார், அது வட மத்தியத் தொகுதி. தாராவி, மாஹிம், வடாலா, சயான் கோலிவாடா, செம்பூர், அணுசக்தி நகர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் வாக்காளர்கள் மட்டுமே இங்கே கணக்கு. ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நடப்புப் பட்டியலில் பார்த்து எழுதுங்கள். எண்ணில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்த விடுவார்கள். ஆளே பட்டியலில் இல்லை என்றால் தீர்ந்தது. கைநாட்டு வைப்பவரை, மனுவை வாங்கும் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்பு நேரில் வைக்கச் சொல்லுங்கள். ‘நான் போடவே இல்லை’ என்று முன்மொழிந்தவரே மறுத்தாலும் மனு போய்விடும். 2024-இல் சூரத்தில் பெரிய கட்சி வேட்பாளருக்கே அப்படித்தான் ஆனது. அதனால் பன்னிரண்டு, பதிமூன்று பேரைத் தயாராக வைத்து, இரண்டாவது மனுவில் ஆட்களை மாற்றிப் போடுவது நல்லது.

மனு படிவம் 2ஏ. அதோடு சொத்து, கடன், வழக்கு, வருமானம், படிப்பு எல்லாம் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரம், நோட்டரி கையெழுத்துடன். இதில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமனே விடக் கூடாது. நகை இல்லையா, ‘இல்லை’ என்று எழுதுங்கள். திருமணம் ஆகவில்லையா, ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். கோடு போடுவதும் வேண்டாம். காலியாக விட்ட கட்டத்தை நிரப்பச் சொல்லி அலுவலர் கேட்டும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். வாபஸ் தேதிக்குப் பிறகு மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் நீங்களே விளம்பரமும் தர வேண்டும்.

பலர் மறப்பது, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாள் பிறப்பதற்குள் அதை எடுத்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பரிசீலனை அன்று காலையில் போய் நின்றால் பயனில்லை. கடைசி நாளில் மனு போடுகிறவர் அன்றே முடித்துவிட வேண்டும். மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. நீங்களோ முன்மொழிபவர் ஒருவரோ நேரில் கொடுக்க வேண்டும். சின்னத்துக்கு, இலவசச் சின்னங்கள் பட்டியலிலிருந்து மூன்றை விருப்ப வரிசையில் மனுவிலேயே எழுதுங்கள்.

செலவு வரம்பு 2022 முதல் மகாராஷ்டிரா போன்ற பெரிய மாநிலங்களில் 95 லட்சம். உங்களுக்கு அந்தத் தொகையைவிடக் கணக்குதான் முக்கியம். மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வேறு யாருடனும் கூட்டாக வேண்டாம், தேர்தல் முகவரோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆளுக்கோ கடைக்கோ மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஆட்டோ மைக் வாடகை, பந்தல், டீ எல்லாம் அன்றன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். பிரசாரக் காலத்தில் மூன்று முறை அதைச் சரிபார்ப்பார்கள். துண்டுப்பிரசுரத்தில் அச்சகத்தார் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும். தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு கொடுத்தாக வேண்டும். தகுந்த காரணமில்லாமல் விட்டால் 3 வருடத்துக்கு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். டெபாசிட் போன சோர்வில் பலர் கோட்டைவிடுவது இதைத்தான்.