உபத்திரவத்தில் விசுவாசம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கஷ்ட காலத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேலை போய் ரொம்ப நாளாகிறது ஐயா. ஜெபிக்க உட்கார்ந்தால் ஆண்டவர்மேல் கோபம்தான் வருகிறது. இது பாவமா?

தம்பி, அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்றுதான் வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகளில் ஒன்றான 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். இதுவோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபு ஆண்டவரிடம் எவ்வளவு பேசினார்! கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவருக்கு உபதேசம் செய்த நண்பர்கள்மேல்தான். “என் தாசனாகிய யோபு பேசினதுபோல்” நீங்கள் பேசவில்லை என்றார். ஆண்டவரிடம் முறையிடுகிறவரை நீங்கள் அவரை விட்டுப் போகவில்லை. பேசாமல் போய்விடுவதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

கேள்வி: என் நோய் குணமாகாததற்குக் காரணம் என் விசுவாசக் குறைவுதான் என்கிறார்கள். உண்மையா?

இல்லை சகோதரி. நோயாளியின் தலையில் இப்படிப் பாரம் ஏற்றுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அப்போஸ்தலனாகிய பவுல், ‘மாம்சத்திலிருந்த முள்’ என்று தான் சொன்ன உபாதை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? மாற்கு சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறுகிறார். அந்தப் பாதி விசுவாசத்தோடு வந்தவரின் மகனை இயேசு குணமாக்கினார். சுகத்துக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே.

கேள்வி: கணவர் அடிக்கிறார். ‘சிலுவையைச் சுமந்துகொள்’ என்று சபையில் சொல்கிறார்கள்.

சகோதரி, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். தேவைப்பட்டால் போலீஸிடம் போகத் தயங்காதீர்கள். இயேசு சொன்ன சிலுவை, அவரைப் பின்பற்றுவதால் வருவது. வீட்டில் வாங்கும் அடிக்கு அந்தப் பெயரை வைக்க யாருக்கும் உரிமையில்லை. சீஷர்களைப் பார்த்து, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்றவரும் அவரே. தமஸ்குவில் பவுலைக் கொல்ல வாசலில் காவல் இருந்தபோது, அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். தப்பிப் போனதற்காக யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

கேள்வி: எதிலும் மனம் ஒட்டவில்லை. வேதத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. என்ன செய்வது?

தீர்க்கதரிசியாகிய எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கப்புறம்தான். ஆகவே தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், உடனே ஒருவரைக் கூப்பிடுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தால் போதும். அதுவும் முடியாத நாளில் சபையார் உங்களுக்காக ஜெபிக்கட்டும், அதற்குத்தானே சபை.

கேள்வி: தோழியின் குழந்தை இறந்துவிட்டது. என்ன வசனம் அனுப்பலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம் அம்மா. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். நீங்களும் போய் உட்காருங்கள். வீட்டு வேலையில் ஒன்றைக் கேட்காமலே எடுத்துச் செய்யுங்கள். அவர் அழுதால் அழட்டும், “எல்லாம் நன்மைக்கே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சில மாதம் போனால் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். நீங்கள் அப்போதும் போங்கள்.