செங்கீரைப் பருவத்துப் பசி

அன்புள்ள அம்மா,

நான் குன்னூரில் வசிக்கிறேன். மகளுக்கு நான்கரை மாதம். மூன்று மாதம் வரை அமைதியாகப் பால் குடித்தவள், இப்போது மடியில் கிடத்திய இரண்டாவது நிமிடமே நெளிகிறாள், முதுகை வில்லாய் வளைக்கிறாள். மலை ரயிலின் ஊதல் கேட்டால் காம்பை விடாமலேயே தலையைத் திருப்புகிறாள். வலியில் எனக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. பால் பற்றவில்லை, டப்பாப் பால் கொடு என்கிறார் மாமியார். அடுத்த மாதம் ஒரு திருமணத்துக்காகக் கோவை போக வேண்டும். பேருந்தில் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்று வகுத்தார்கள். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடும் பருவம் அது. உங்கள் மகள் அதைத்தான் எட்டிக்கொண்டிருக்கிறாள். பிறந்த புதிதில் உங்கள் முகத்தளவுக்கே தெளிந்திருந்த பார்வை இப்போது அறையின் மறுகோடி வரை போகிறது. ரயில் ஊதினால் அது எங்கே என்று தேடத் தோன்றுகிறது. பசியும் இருக்கிறது, வேடிக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது, பாவம்.

பால் பற்றுகிறதா என்பதை ஈரத்துணிகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். 24 மணி நேரத்தில் ஆறு துணிகளுக்குக் குறையாமல் நனைத்து, எடையும் ஏறிவந்தால் கவலைக்கு இடமில்லை. உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் எங்கள் வீட்டில் அந்த யோசனையைச் சொன்னவளே நான்தான். கோத்தகிரிப் பக்கம் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தபோது, மூத்தவன் நெளிந்ததைப் பசி என்றெண்ணி ஒரு வாரம் புட்டிப்பால் கொடுத்தேன். குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதற்கேற்பவே பால் சுரக்கும் என்பதை அப்போது அறியேன். முதலில் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது, பிறகு சுரப்பே குறைந்தது, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் படாத பாடு பட்டேன்.

எந்த நேரத்தில் நெளிகிறாள் என்று இரண்டு நாள் கவனியுங்கள். வாய் வைத்தவுடனே சிணுங்கினால் பால் இறங்கத் தாமதமாகிறது என்று பொருள். முன்னதாகக் கையால் மெல்ல நீவிச் சில துளிகளைப் பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். மாறாக, மடக்மடக்கென்று விழுங்கிப் புரையேறி, வாயை எடுத்தவுடன் பால் முகத்தில் பீறிட்டால், வேகம் தாங்காமல் விலகுகிறாள். தலையணைகளில் சாய்ந்து அமர்ந்து, அவளை உங்கள் மேல் குப்புறக் கிடத்திக் கொடுத்தால் வேகம் தணியும். பாதியில் வளைந்தால் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து பாருங்கள். எதுவானாலும் பின்தலையைப் பிடித்து மார்போடு அழுத்தாதீர்கள். அழுத்த அழுத்த இன்னும் பின்னால் வளைவாள். ரயில் ஊதும்போது உங்கள் சுண்டுவிரலை அவள் வாயோரத்தில் நுழைத்து விடுங்கள், பிடி தளர்ந்து காம்பு வலியின்றி வெளிவரும்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தூங்கி எழுந்த கிறக்கத்திலேயே பால் கொடுத்தால் பகலில் ஓரளவு வயிறு நிறையும்; மிச்சத்தை இரவில் குடித்து ஈடுகட்டிக்கொள்வாள். அலையும் கைக்குத் தாலிக்கயிற்றைக் கொடுங்கள். என் மகன் அதைச் சுருட்டி முறுக்கிக்கொண்டே அரை மணி நேரம் குடிப்பான்.

நம் மலைக்கே உரிய ஒரு தவறும் உண்டு. குளிருக்குப் பயந்து பனியன், ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் கம்பளி என்று சுற்றிவிடுகிறோம். தாயின் உடற்சூடும் சேர்ந்தால் குழந்தை புழுங்கித்தான் போகும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு இருவரையும் சேர்த்து ஒரு சால்வையால் போர்த்திக்கொள்ளுங்கள். மூக்கடைப்பும் இங்கே சாதாரணம். மூக்கு அடைத்த குழந்தை மூச்சுக்காக வாயை எடுக்கும். மருத்துவரைக் கேட்டு உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுக்குமுன் விடலாம். காய்ச்சல் அடித்தாலோ, வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, துணி நனைவது குறைந்தாலோ காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி கோவைப் பயணம். குன்னூரில் ஏறுமுன் வயிறாரக் கொடுத்துவிடுங்கள். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகளை அரசு 2015-இல் திறந்தது. கீழே இறங்கியதும் விசாரியுங்கள். ஜன்னலோர இருக்கை வேண்டாம், அவள் கண்ணுக்கு அங்கே வேடிக்கை மிகுதி. மேட்டுப்பாளையம் வரை இறங்கும்போது பெரியவர்களுக்கே காது அடைக்கிறது அல்லவா, குழந்தைக்கும் அடைக்கும், சொல்லத்தான் தெரியாது. விழுங்கினால் அடைப்பு விடும். ஆகவே பர்லியாறு தாண்டும் தறுவாயில் அவள் வீறிட்டால் பசிக்கிறதா என்று யோசித்துக்கொண்டிராமல் முந்தானைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு விலகினாலும் விட்டுவிடுங்கள்.