ஆறு கை ஆக்டோபஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்து நண்பர்கள். சனிக்கிழமை இரவுகளில் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டி, 1950களின் ராட்சத மிருகப் படங்களைப் பார்க்கிறோம். ரப்பர் உடையில் மடிப்பு தெரிந்தால் கைதட்டுவோம். நாயகன் பேசுவதற்கு முன்பே அவன் வசனத்தை நாங்கள் சொல்லிவிடுவோம். சென்ற மாதம் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். படம் முழுக்க ஏளனம்தான். எங்களில் ஒருவர் மனம் வெறுத்து எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு சந்தேகம் அரிக்கிறது. நாங்களும் இத்தனை நாள் அதே ஏளனத்தைத்தான் செய்தோமா? மோசமான படத்தைப் பார்த்துச் சிரிக்க இத்தனை பேர் கூடுவது சரியா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

எழுந்து போன நண்பரை முதலில் திரும்ப அழைத்து வாருங்கள். அவர் இல்லாமல் அந்த மொட்டைமாடி நிறையாது.

சிரிப்பதில் ஒரு தவறும் இல்லை. வாயை மூடிக்கொண்டு பார்ப்பதற்காக யாரும் இந்தப் படங்களை எடுக்கவில்லை. இயக்குநர் வில்லியம் காசிலின் ‘தி டிங்ளர்’ என்ற திகில் படம் 1959இல் வந்தபோது, சில அரங்குகளில் இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டார்களைப் பொருத்தினார்கள். ஒரு கட்டத்தில் திரை இருண்டுவிடும். உயிர் பிழைக்க வேண்டுமானால் கத்துங்கள் என்று நாயகன் வின்சென்ட் ப்ரைஸின் குரல் கேட்கும். அரங்கமே அலறும். தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் படத்தில் பாதிதான் கிடைக்கும். நீங்கள் ஐந்து பேர் கூடும்போது மறுபாதியும் வந்துவிடுகிறது.

‘மோசமான படம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், கூட்டத்தை இழுக்க அமெரிக்க அரங்குகள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டின. பெரிய படத்துக்குத் துணையாக, குறைந்த பணத்தில், குறைந்த நாட்களில் எடுத்து முடித்த படத்துக்குத்தான் ‘பி’ என்று பெயர். தரத்தைப் பற்றி அந்த எழுத்து எதுவும் சொல்வதில்லை. கையில் எவ்வளவு காசு இருந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

காசில்லாமை என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், 1955இல் வந்த ‘இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ’. ராட்சத ஆக்டோபஸ் ஒன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பிய்த்தெறியும். அந்தப் பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சற்றே நகர்த்திப் படம்பிடித்தவர் ரே ஹாரிஹவுசன். ஒரு நொடி அசைவுக்கு 24 ஃபிரேம். எட்டுக் கைகளையும் நகர்த்த நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஆறு கைகளோடு செய்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் பார்த்த இரவில் ஒரு நண்பர் கைகளை எண்ணி, “ஆறுதான்!” என்று கூவினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினோம். எந்தக் கை எப்போது நீருக்குள் மறைகிறது, எது எங்கே எழுகிறது என்று பார்த்தோம். எண்ணிப் பார்க்கத் தோன்றாதபடி அவர் அடுக்கியிருக்கிறார்! மூன்றாம் முறை ஓட்டியபோது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கைகளை எண்ணியவர்தான் திரைக்கு மிக அருகே போய் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் புதிய நண்பரின் சிரிப்பு, எண்ணி முடித்தவுடன் நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். ஏன் ஆறு என்று அவர் கேட்கவில்லை. கேட்கவைப்பது உங்கள் வேலை.

‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ (1954) படத்தின் செதிள் மனிதனை அவருக்குக் காட்டுங்கள். வெள்ளை நீச்சலுடையில் நாயகி மேலே நீந்த, அவளுக்குத் தெரியாமல் கீழே அந்த உயிரினம் அவளோடு இணையாக நீந்தும். உடைக்குள் இருந்தவர் ரிக்கோ பிரவுனிங். காற்றுக் குழாய் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டே நீந்தினார். அந்த உருவத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண். திரையில் வந்ததோ ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயர். படத்தின் விளம்பரத்துக்காக மிலிசென்ட் ஊர் ஊராகப் போய்வந்த பிறகு, படத்தை எடுத்த ஸ்டுடியோவில் அவருக்கு வேலையே இல்லாமல் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் காட்சி ஓடும்போது அவர் பெயரை நான் உரக்கச் சொல்வேன். இப்போது எங்கள் நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கு ‘கோஜிரா’, அதாவது காட்ஸில்லா என்ற ராட்சத மிருகத்தின் முதல் படம். நடிகர் ரேமண்ட் பர் வரும் 1956ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்பு வேண்டாம், 1954 நவம்பரில் வந்த ஜப்பானிய மூலத்தைத் தேடிப் பிடியுங்கள். மிகக் கனமான ரப்பர் உடைக்குள் நின்று ஹருவோ நகாஜிமா பொம்மை நகரத்தை மிதிக்கிறார், உண்மைதான். அந்த உறுமல்கூட, டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தோல் கையுறையால் உரசி எடுத்ததுதான். ஆனால் படம் தொடங்குவது கடலில் எரியும் ஒரு படகோடு. அதே ஆண்டு மார்ச்சில் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் அரங்குக்கு வந்தவர்கள் அந்தப் படகை மறந்திருப்பார்களா? எரியும் டோக்கியோவில் ஒரு தாய், சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லிப் பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் உங்கள் புதிய நண்பரின் முகத்தைப் பாருங்கள்.

நேரம் வீணாகிறதா என்று இனி யாராவது கேட்டால், அவரையும் ஒரு சனிக்கிழமை மாடிக்கு அழையுங்கள்.

கடைசியாக, உங்களிடம் ஓர் உதவி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து 1952இல் ‘தி ஜங்கிள்’ என்ற படத்தை எடுத்தது. வில்லியம் பெர்க் இயக்கம், ராட் கேமரன் நாயகன். தமிழில் அதன் பெயர் ‘காடு’. காட்டு யானைகளை மிரளவைக்கும் மாமூத் கூட்டம், அதாவது ரோமம் அடர்ந்த ஆதிகால யானைக் கூட்டம் அதில் வருகிறது. நிஜ யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டிருக்கிறார்கள்! அத்தனை பெரிய உடம்புக்கு அளவெடுத்தது யார், யானை அதை எப்படிப் பொறுத்துக்கொண்டது, பாகன் என்ன சொல்லி அமைதிப்படுத்தினான் என்றெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு அடங்காத ஆசை. திருச்சியிலிருந்து சேலம் பக்கம்தானே. அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த பெரியவர்களின் குடும்பம் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் விசாரித்து எழுதுங்கள். தமிழ்ப் பிரதி எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், அந்தச் சனிக்கிழமை நானே வருகிறேன்.